முகத்துவாரத்தின் முறை

ஒரு சொத்து தனி மனிதனுடையதாக இருக்க வேண்டும். இல்லையேல் சர்க்காருடையதாக இருக்க வேண்டும் என்பதே நமது நியாயஸ்தலங்கள் ஆங்கிலேயரிடம் கற்ற பாடம். இவ்விரண்டு வகையிலும் அடங்காத பாத்தியதை ஒன்று சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. அதன் பெயர் பாடு. சட்டத்தின் துணையின்றி அது இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பதே நாம் இன்று ஆலோசிக்க விரும்பும் விஷயம்.

பழவேற்காடு, டச்சுக்காரர் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். அதன் ஏரி நமது தேசத்து உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது; பெரும்பாகம் ஆந்திரத்திலும், முகத்துவாரத்தை ஒட்டிய தென்பாகம் தமிழ்நாட்டிலும் உள்ளது. பல இடங்களில் இடுப்பளவே நீர். ஆகையால் தோணி இல்லாதவனும் கரையோரமாக இறங்கி நின்று வீச்சுவலை எறிந்து மடவையும் கிழங்கானும் பிடிக்கலாம். ஆயினும் இந்த நீரின் பெருஞ்செல்வம் இறால்தான்.

இறாலின் வாழ்க்கையை அறியாதவர்க்குப் பாட்டின் நியாயம் விளங்காது. இறால் முட்டையிடுவது கடலில். அதன் குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் புகுந்து, சில மாதம் வளர்ந்து, பின்னர் நீர் வற்றும்போது அந்த ஓட்டத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய இரவுகளில் ஓட்டம் வலுக்கும். பிடிப்பும் அப்போதே மிகும். உள்ளே வரவும் வெளியே போகவும் முக்கியமான வாசல் இதுவே. அந்த வாசலில் கழி நட்டு வலை கட்டி நிற்பவன், ஏரி முழுவதற்கும் பங்கான பொருளைத் தான் ஒருவனே வாரிக்கொள்ளக்கூடும்.

பருவங்களும் அந்த வாசலையே பொறுத்தவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் வெள்ளம் கொணர்கின்றன. நீரின் உப்பு வெகுவாகக் குறைகிறது. வெள்ளத்தின் வேகம் மணலை அறுத்து வழியை அகலமாக்குகிறது. மழை ஓய்ந்தபின் கடல்நீர் உள்ளே ஏற, மீனும் இறாலும் பெருகுகின்றன. சித்திரை, வைகாசியில் ஆற்றுவரத்து நின்றுவிடும்; வெயில் நீரை உறிஞ்ச, ஏரி கடலைக் காட்டிலும் அதிகமாகக் கரிக்கும். அலைகள் கரையோரமாகத் தள்ளிவரும் மணலால் முகத்துவாரம் குறுகி, சில ஆண்டுகளில் அடைபட்டே போகிறது. அடைபட்டால் ஏரி இறந்த குளமாகிவிடும். தோணிகளும் கடலுக்குப் போகும் வழியின்றி நின்றுவிடும்.

இத்தகைய இடத்தில் வலுத்தவனுக்கே வாசல் என்று விட்டிருந்தால், அங்குள்ள குப்பங்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்திருக்கும். பாடு அதைத் தடுத்தது. நல்ல இடங்களுக்கு வரிசை உண்டு. தலைக்கட்டாகப் பதிந்த குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கி முறை விழுகிறது. இன்று வாசலருகே வலை கட்டியவன் நாளை விலகி நிற்பான். வழக்கு நேர்ந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கும். பரீட்சையில் தேறிய உத்தியோகஸ்தர் யாரும் எழுதிக் கொடுத்த விதியல்ல இது. நீரையும் பசியையும் ஒருங்கே அறிந்தவர்கள் வகுத்துக்கொண்ட விதி.

இம்முறையில் குறையே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. பாட்டுரிமை பிறப்பை ஒட்டியது; பட்டினவர் குலத்து ஆண்மக்களுக்கே வழிவழியாக உரியது. வலையின்றி, நாள் முழுதும் சேற்றுநீரில் அமர்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து, பல்லில் கடித்த ஓலைக் கூடையில் சேர்க்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. பங்கீட்டின் அறத்தைப் போற்றும் ஊர், பங்குக்கு உரியவர் யார் என்பதையும் நியாயமாக விரிவாக்கத்தான் வேண்டும். ஆனால் குறையுள்ள வீட்டைச் செப்பனிடுவது வேறு. அதை இடித்துவிட்டு மனையை அந்நியனுக்கு விற்பது வேறு.

இடிப்பதற்கான காரியங்களோ நடந்துகொண்டுதான் இருக்கின்றன. பக்கிங்காம் கால்வாயால் இந்த ஏரியோடு தொடர்புள்ள எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன்வளத்தைக் கெடுத்ததை ஊரறியும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரிக்கும் யோசனையைப் பழவேற்காட்டு மீனவர்கள் ஆட்சேபித்து வந்திருக்கின்றனர். மணலின் ஓட்டத்தை மாற்றினால் வாசல் என்னவாகும் என்பதே அவர்களது கேள்வி. சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மணல் குவிந்து, வடக்கே ராயபுரக் கரை அரிக்கப்பட்டதைக் கண்டவர்கள் இக்கேள்வியை வீண் பயமென்று தள்ள முடியாது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகலாகாது என்று சர்க்கார் நாள் குறிக்கிறது, அது நல்லதே. வனத்தில் வாழ்வோரின் வழிவழி உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. கழிமுகத்தில் வாழ்வோருக்கு அதற்கு ஈடான மத்தியச் சட்டம் ஒன்று இல்லை. பாட்டின் பேரில் நஷ்ட ஈடு கேட்கப் போகிறவனிடம், பட்டா எங்கே என்று கேட்டால் அவன் எதைக் காட்டுவான்? நீருக்குப் பட்டா உண்டா?

இது செய்ய முடியாத காரியமும் அன்று. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போன்று கழி நட்டு வலை கட்டி, சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்நாட்டு அரசாங்கம் 1958-ல் அவ்வழக்கத்தையே விதிகளாக ஏற்றுக்கொண்டது. அண்டை நாட்டால் இயன்றது நமக்கு ஏன் இயலாது?

நமது சட்டசபை செய்ய வேண்டியவை மூன்று. பாட்டு முறையை எழுத்தில் பதிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் இருளருக்கும் பெண்களுக்கும் இடமளிக்கும்படி ஊராரோடு கலந்து வகை செய்ய வேண்டும். முகத்துவாரத்தைத் தொடும் எந்த வேலையும் அந்த ஊராரின் சம்மதமின்றி நடவாது என்று உறுதி கூற வேண்டும். முறை வைத்து உண்ணத் தெரிந்த ஜனங்களுக்கு நாம் நீதி போதிக்க வேண்டியதில்லை. அவர்களது நீதியைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றினால் போதும்.