சும்மா நிற்கிற மாட்டுக்கு எதற்குத் தீனி?



கறவை மாட்டுக்குத் தவிடு, பிண்ணாக்கு எல்லாம் கணக்காக வைக்கிறோம். பால் மறத்ததும் என்ன செய்கிறோம்? "பாலும் கொடுக்கலே, வேலையும் செய்யலே, வைக்கோலைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும்" என்று கொட்டகை ஓரமாகக் கட்டிவிடுகிறோம். கோடையில் வேலையில்லாத உழவு மாட்டுக்கும் இதே கதிதான். சும்மா நிற்கிற மாட்டுக்குச் செலவு ஏது என்பது நம்ம எண்ணம். அது சரிதானா என்று இன்றைக்குப் பார்ப்போம்.

டிராக்டரை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் டீசல் செலவு நின்றுபோகும். உயிருள்ள உடம்புக்கு அப்படி ஒரு சாவி கிடையாது. மாடு படுத்துக் கண்ணை மூடி அசை போடும்போதும் அதன் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 60 தடவை துடிக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 86,000 தடவைக்கு மேல். மூச்சு ஓடுகிறது, சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது, உடம்புச் சூடு 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. இதிலே குடலும் ஈரலும்தான் பெரிய செலவாளிகள். உடம்பு எடையில் அவை சிறு பங்குதான். ஆனால் மாடு செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு நெருக்கமாக அவையே எடுத்துக்கொள்ளும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். 1782-83 குளிர்காலத்தில் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் லவாய்சியரும் லப்லாசும் ஒரு பெட்டியைச் சுற்றிப் பனிக்கட்டியை அடைத்து, உள்ளே ஒரு கினிப்பன்றியை விட்டார்கள். அது சும்மா உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அதன் உடம்புச் சூட்டில் பனிக்கட்டி உருகியது. உயிர் என்பது புகையில்லாமல் மெதுவாக எரிகிற அடுப்பு என்பது அதிலே தெரிந்தது. பிறகு 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்பவர் எலி முதல் காளை வரை பல பிராணிகளின் ஓய்வுநேரச் செலவை ஒப்பிட்டு ஒரு கணக்குச் சொன்னார். அதன்படி 350 கிலோ எடையுள்ள பசு ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 5,600 கிலோகலோரி வேண்டும். ஒண்ணரைக் கிலோவுக்கு மேல் அரிசியில் இருக்கிற சக்தி அது! தின்ன, அசை போட, எழுந்து நிற்க ஆகிற செலவு இதற்கு மேலே.

அதற்காக அரிசியை அள்ளி வைத்துவிடாதீர்கள். அரிசியோ கஞ்சியோ அளவு மீறினால் வயிற்றில் அமிலம் பெருகி மாட்டின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதே சமயம் வெறும் வைக்கோலும் போதாது. வைக்கோலில் பெரும்பகுதி செரிக்காமல் சாணமாகப் போய்விடும். புரதமும் அதிலே மிகக் குறைவு.

தீனி போதவில்லை என்றால் அடுப்பு அணைந்து போகாது. முதலில் உடம்புக் கொழுப்பை எடுத்து எரிக்கும், பிறகு சதையைக் கரைக்கும். இன்னும் தட்டுப்பட்டால் உடம்பு சிக்கனம் பண்ண ஆரம்பிக்கும். அப்போது முதலில் கைவிடுவது இனப்பெருக்கத்தைத்தான். மாடு பருவத்துக்கு வராது. நாமோ மாட்டுக்கு ஏதோ நோய் என்று மருந்து தேடி அலைவோம்.

சினை மாட்டுக்கு நஷ்டம் இரட்டிப்பு. வயிற்றுக் கன்று பெருவாரியாக வளர்வது கடைசி மூன்று மாதத்தில். பால் மறந்து நிற்பதும் அந்தக் காலத்தில்தான். தவிர, கன்று ஈன்ற புதிதில் பசு, தின்கிற தீனி பத்தாமல் தன் உடம்புக் கொழுப்பையும் கரைத்துப் பால் கொடுக்கும். அந்தச் சேமிப்பை நாம் முன்னாடியே தீர்த்துவிட்டால் அடுத்த ஈற்றில் பாலுக்கு எங்கே போவது?

ஆகையால் தீனியை இரண்டு பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உயிர்ப் பங்கு, மற்றது பால் பங்கு. உயிர்ப் பங்காக நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ வைக்கோலும் ஒன்றேகால் கிலோ அடர்தீவனமும், கலப்பினப் பசுவுக்கு 4 முதல் 6 கிலோ வைக்கோலும் 2 கிலோ அடர்தீவனமும் கொடுக்கலாம். பால் பங்கு, ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம். சினை ஆறு மாதம் தாண்டியதும் கூடுதலாக ஒரு கிலோ முதல் ஒண்ணரைக் கிலோ வரை வையுங்கள். பசும்புல் தாராளமாகக் கிடைக்கிறவர்கள் அடர்தீவனத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கிலே இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஐந்து லிட்டர் கறக்கிற கலப்பினப் பசு இரண்டு வைத்திருந்தால், உயிர்ப் பங்கு நாலு கிலோ, பால் பங்கு நாலு கிலோ, ஆக எட்டுக் கிலோ அடர்தீவனம். பத்து லிட்டர் கறக்கிற ஒரே பசுவுக்கு உயிர்ப் பங்கு இரண்டு, பால் பங்கு நாலு, ஆக ஆறு கிலோ போதும். ஒரு மாட்டு வைக்கோலும் மிச்சம். எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தரம் யோசியுங்கள்.

காசில்லாமல் மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. வெயிலில் நின்று மூச்சு வாங்குகிற மாட்டுக்கு உயிர்ப் பங்கே நூற்றுக்கு ஏழிலிருந்து இருபத்தைந்து வரை கூடிவிடும். நிழலில் கட்டுங்கள். நினைத்தபோது குடிக்கத் தண்ணீர் வையுங்கள். கோடையில் பெரும் பகுதித் தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் கொடுங்கள். நிற்பதைவிடப் படுப்பதில் செலவு குறைவு. ஆகவே கட்டுத்தரை ஈரமில்லாமல் படுக்க வசதியாக இருக்கட்டும்.

நாளைக் காலையில் உங்கள் மாட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கடைசி விலா ஒன்றிரண்டு லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. எல்லா விலாவையும் எண்ண முடிகிறது என்றால் அது தன் உடம்பையே எரித்துக் காலம் தள்ளுகிறது என்று அர்த்தம். உடனே தீனியைக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். விலாவே தெரியாமல் கொழுத்துப்போனாலும் ஈனும்போது சிரமம். அங்கே கையைச் சுருக்கிக்கொள்ளலாம்.

பால் மறத்த மாட்டுக்கு இன்றைக்கு வைக்கிற தீனி, அடுத்த ஈற்றுப் பாலுக்கு நீங்கள் போடுகிற முதல்.