இன்ஜின் நின்றால் விமானம் விழுமா?

மரக்காணம் உப்பளங்களுக்கு மேலே, 37,000 அடி உயரத்தில் ஒரு பயணிகள் ஜெட் போவதாக வைத்துக்கொள்வோம். அதன் இன்ஜின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிட்டால்? பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருப்பவர்கள் தலைமேல் வந்து விழும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். விழாது. பெரிய ஜெட் ஒன்று இன்ஜின் விசையே இல்லாமலும் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் 15 கிலோமீட்டர் முன்னே போய்விடும். 37,000 அடிக்குக் கணக்குப் போட்டால் 160 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. மரக்காணத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானத்துக்கு 1982 ஜூன் 24 இரவு இதுவே நேர்ந்தது. கோலாலம்பூரை விட்டுக் கிளம்பிய அந்த போயிங் 747, ஜாவா அருகே கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. ஈரமில்லாத சாம்பல் வானிலை ரேடாரில் தெரியவில்லை. இன்ஜினுக்குள் போன சாம்பல் உருகி ஒட்டிக்கொள்ள, நான்கு இன்ஜின்களும் சில நிமிடங்களில் அடுத்தடுத்து அணைந்தன. கேப்டன் எரிக் மூடியும் சகாக்களும் விமானத்தைச் சறுக்கவிட்டபடியே திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்தார்கள். சாம்பல் மேகத்துக்குக் கீழே வந்ததும், குளிர்ந்து இறுகிய படிவு உடைந்து உதிர்ந்தது, இன்ஜின்கள் உயிர்பெற்றன. ஜகார்த்தாவில் தரையிறங்கிய 263 பேருக்கும் ஆபத்தில்லை.

இத்தகைய பேரிடர் மிக அபூர்வம். வழக்கமாக நடப்பது ஒரு இன்ஜின் பழுது. இரட்டை இன்ஜின் விமானம் ஒன்றைக் கொண்டே பறக்கும். உயரத்தை மட்டும் குறைத்தாக வேண்டும். ஆகவே விமானியின் முதல் வேலை விமானத்தை நேராகப் பிடித்து நிறுத்துவது. பழுதைத் தேடுவது அதற்குப் பிறகு.

அந்தத் தேடலில் அவசரம் கூடாது என்பதை 1989 ஜனவரி 8 இங்கிலாந்தில் கொடூரமாகக் காட்டியது. பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-இல் இடது இன்ஜினின் விசிறித் தகடு முறிந்தது. விமானிகள் வலது இன்ஜினை அணைத்தார்கள். தற்செயலாக அதிர்வும் புகையும் குறைந்ததால் செய்தது சரி என்றே நம்பிவிட்டார்கள். இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் சிலர் கண்டிருந்தார்கள். வலது இன்ஜினில் பழுது என்று கேப்டன் அறிவித்தபோது குழம்பவும் செய்தார்கள். ஆனால் அந்தச் செய்தி விமானி அறைக்குப் போய்ச் சேரவில்லை. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், கெக்வொர்த் கிராமத்தருகே விமானம் விழுந்து 47 பேர் மாண்டார்கள்.

ஒருவர் நெம்புகோலில் கைவைத்து எந்த இன்ஜின் என்று சொல்ல, மற்றவர் பார்த்து உறுதிசெய்த பிறகே அணைக்கும் நடைமுறையின் அருமை இங்கேதான் புரிகிறது. பயணிகளுக்கான அறிவிப்பு சற்றுத் தாமதமாக வருவதும் இத்தகைய வேலைகளால்தான். ஜன்னல் வழியே நெருப்பையோ புகையையோ பார்த்தால், பணிப்பெண்ணைக் கூப்பிட்டு எந்தப் பக்கம் என்று உடனே சொல்லிவிடுங்கள்.