"லேசா இருக்கு டீச்சர்": பனிக்கட்டி மிதப்பதற்கு இந்தப் பதில் போதாது

பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "லேசா இருக்கு டீச்சர், அதான்" என்று பதில் வரும். அப்படியானால் மீன் கடையில் பார்க்கும் பெரிய ஐஸ் பாளம்? ஒரு ஆள் தூக்கவே சிரமப்படுவார். அதைக் குளத்தில் போட்டாலும் மிதக்கும். சின்ன ஆணி லேசுதான், ஆனால் மூழ்கிவிடும்.

ஆகவே மொத்த எடையைப் பார்க்கக் கூடாது. ஒரே அளவு இடத்தை அடைக்கும் நீரையும் பனிக்கட்டியையும் ஒப்பிட வேண்டும். அதுதான் அடர்த்தி, மலாயில் கெதும்பாத்தான். 1 கன சென்டிமீட்டர் நீர் 1 கிராம் இருக்கும். அதே அளவு பனிக்கட்டி ஏறக்குறைய 0.92 கிராம்தான். மாணவர்களே, தேர்வில் "பனிக்கட்டியின் எடை குறைவு" என்று எழுதாதீர்கள். "பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு" என்று எழுதுங்கள்.

அடர்த்தி ஏன் குறைகிறது? இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் முப்பது பேர் முண்டியடித்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திரவ நீரின் மூலக்கூறுகள் அப்படித்தான் நெருங்கி, ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அதே முப்பது பேர் சபைகூடலில் கையை நீட்டி இடைவெளி விட்டு நின்றால்? ஆள் கூடவில்லை, இடம் கூடிவிட்டது. நீர் உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்திலுள்ள நான்கைப் பிடித்துக்கொண்டு, நடுவே வெற்றிடம் விட்டு அறுகோண அமைப்பில் நிற்கிறது. அதனால் கன அளவு சுமார் 9% கூடுகிறது. தண்ணீர் நிரம்பிய புட்டியை உறையவைத்தால் அது உப்பிப்போவதும் இதனால்தான். (கண்ணாடிப் புட்டி வேண்டாம், உடைந்துவிடும்.)

எல்லாப் பொருளும் இப்படி நடந்துகொள்வதில்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் உறையவையுங்கள். அந்தக் கட்டியை உருகிய தேங்காய் எண்ணெயில் போட்டால் அடியில் போய்விடும். நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் இளகும், எடுத்த உடனே போட வேண்டும். பனிக்கட்டியையும் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டினால், வினோதமானது எண்ணெய் அல்ல, தண்ணீர்தான் என்பது பிள்ளைகளுக்கே புரியும்.

கெர்லிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி இருந்தால் மெட்ரோலேக் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ரப்பர் பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் கருவி அது. ரப்பர் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே கெட்டியான பாலில் கருவி அதிகம் இறங்கும். தண்ணி கலந்த பாலில் மேலே நிற்கும். எவ்வளவு மூழ்கும் என்பதையும் அடர்த்திதான் தீர்மானிக்கிறது. பனிக்கட்டியும் அப்படியே, நல்ல நீரில் சுமார் 92% மூழ்கியிருக்கும். 1912இல் டைட்டானிக் கப்பல் மோதிய பனிப்பாறையிலும் கண்ணுக்குத் தெரிந்தது சிறு பகுதிதான்.

பனிக்கட்டி மூழ்குவதாக இருந்தால் என்ன ஆகும்? காஷ்மீரின் தால் ஏரி கடுங்குளிரில் மேலே உறையும். நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தி. அந்த நீர் அடியில் தங்க, மேலே உள்ள பனிப்படலம் போர்வைபோல் குளிரைத் தடுக்க, மீன்கள் உயிரோடிருக்கின்றன. பனிக்கட்டி அடியில் சேர்ந்துகொண்டே போனால் மீன்களுக்கு ஒதுங்க இடமிருக்காது.

கடைசியாக ஒரு கேள்வி. பனிக்கட்டி மிதக்கும் குவளையில் விளிம்புவரை தண்ணீர். கட்டி உருகினால் வழியுமா? முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு செய்து காட்டுங்கள். ஒரு சொட்டும் வழியாது: உருகிய நீர், கட்டியின் மூழ்கிய பகுதி பிடித்திருந்த இடத்தில் சரியாக அடங்கிவிடும்.