டேர், ரேட், நெட்: பில்லில் நிற்கும் சின்னச் சொற்கள்

பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்ட நம்மில் பலருக்கு ஆங்கிலம் என்றால் பில்லில் உள்ள ஆங்கிலம்தான். நீளமான சொற்களால் நமக்குத் தொல்லை இல்லை. தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுக்கொள்கிறோம். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள்தாம் தெரிந்தவைபோல் நின்று கையைக் கடிக்கின்றன.

டி, ஏ, ஆர், இ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இவற்றை ஒரு விதமாக அடுக்கினால் 'ரேட்', அதாவது விலை. டி-யை முன்னால் கொண்டுவந்து டி, ஏ, ஆர், இ என்று அடுக்கினால் 'டேர்'. அது சரக்கைத் தாங்கும் சாக்கு, டின், பெட்டி, லாரி இவற்றின் வெற்று எடை. டி, இ, ஏ, ஆர் என்று அடுக்கினால் கிழிசல். அதையும் 'டேர்' என்றே சொல்ல வேண்டும். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று என்றால் டெலிபோனில் பேசுகிறவன் பாடு என்ன ஆகும்?

டேர் என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. எண்ணெய் வாங்க வருகிறவர் தூக்குச்சட்டியைக் கொடுத்தால், மறுதட்டில் கல்லையும் புளியங்கொட்டையையும் போட்டுச் சரிசெய்து, அதன்பின் எண்ணெய் ஊற்றி நிறுப்பார்கள். அதற்குத் தடை கட்டுவது என்று பெயர். அந்தத் தடைதான் டேர். இந்தச் சொல், எறிந்துவிட வேண்டியது என்ற பொருளுள்ள ஓர் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முத்துக்காக நம் கரைக்கு வந்தவர்களும் அரபு வணிகர்கள்தாமே. சொல் மட்டும் சுற்றுவழியில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று கடைகளில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசில் 'டேர்' என்று ஒரு பொத்தான் உண்டு. பல கடைகளில் பையன்கள் அதைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வெற்றுப் பாத்திரத்தை வைத்து அதை அழுத்தினால் எடை பூஜ்யமாகும். பாத்திரத்தை எடுத்தவுடன் கழித்தல் குறியோடு ஓர் எண் நிற்கும். அங்கேதான் கவனம் வேண்டும். மறுபடி அழுத்திப் பூஜ்யமாக்காமல் அடுத்தவருக்குச் சர்க்கரை நிறுத்தால், 250 கிராம் பாத்திரத்துக்கு 250 கிராம் சர்க்கரை கூடுதலாகப் போய்விடும். தராசு ஒரு கிலோ என்று காட்டும்போது தட்டில் ஒன்றேகால் கிலோ இருக்கும். நாள் முழுதும் இப்படி நடந்தால் சாயங்காலம் சரக்கு குறைகிறதே என்று பையனைத் திட்டிப் பயன் இல்லை.

எங்களுக்கு அடி விழுந்தது எடைமேடையில். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து ஒரு லாரி பல்லாரி இறக்கினோம். வந்த சீட்டில் மொத்த எடை 15,480 கிலோ, டேர் 5,960, நெட் 9,520 என்றிருந்தது. கணக்குச் சரி, பணமும் அனுப்பியாயிற்று. பிறகு ஒரு சந்தேகத்தில் காலி லாரியை இங்குள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் 6,140 கிலோ! சீட்டில் இருந்தது அன்று நிறுத்த டேர் அல்ல. முன்பு எப்போதோ நிறுத்து வைத்திருந்த எண். அதற்குப் பின் லாரிக்குப் புதுப் பலகையும் இரண்டாவது தார்ப்பாயும் சேர்ந்திருக்கின்றன. 180 கிலோ, கிலோ 30 ரூபாய் வீதம் 5,400 ரூபாய் போனது போனதுதான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை, நாங்கள்தான் பணத்தை முதலில் அனுப்பிவிட்டோமே. அன்றுமுதல் சீட்டில் மொத்த எடைக்கும் டேருக்கும் தனித்தனித் தேதி, நேரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். சரக்கு இறக்கியபின் காலி வண்டியையும் நிறுக்கிறோம்.

கிழிசல் 'டேர்' பற்றி ஒன்று. லாரி ரசீதில் கையெழுத்துப் போடுமுன் கிழிந்த மூட்டை எத்தனை, குறைவு எவ்வளவு என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, நஷ்டம் கேட்டு வழக்குப் போடுவதானால் சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாய்ச்சொல் நிற்காது.

இனி நெட். எங்கள் ஊர் தருவைகுளத்தில் நெட் என்றால் வலை. மும்பையிலிருந்து வந்த பில்லில் 'நெட் 30' என்றிருப்பதைப் பார்த்து, படகுக்காரர் வீட்டிலிருந்து எங்கள் கடைக்கு வந்த பையன், "அண்ணாச்சி, முப்பது வலை எங்கே இறக்கியிருக்கு?" என்று கேட்டான். சிரித்தோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் அதை 30 கிலோ என்று நினைத்துக்கொண்டு பில்லை ஓரமாக வைத்துவிட்டார். வட்டியோடு டெபிட் நோட்டு வந்தபின்தான், 30 நாளில் முழுத் தொகையும் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள் என்று தெரிந்தது.

எடைக்குப் பக்கத்தில் நெட் இருந்தால் நிகர எடை, நாளுக்குப் பக்கத்தில் இருந்தால் தவணை. பொட்டல சரக்கின் மேல் போட வேண்டிய எடையும் உறை நீங்கிய நிகர எடைதான். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இனிப்பை அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெட்டின் மூன்று எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'டென்', பத்து. இரண்டும் ஒரே பில்லில் வருவதுண்டு. '2 சதவீதம் 10, நெட் 30' என்றால் பத்து நாளில் கட்டினால் நூற்றுக்கு 2 ரூபாய் தள்ளுபடி, இல்லையேல் 30 நாளில் முழுப்பணம். இரண்டு ரூபாய்தானே என்று விடுகிறோம். 20 நாள் பிந்திக் கட்டுவதற்காக 98 ரூபாய்க்கு 2 ரூபாய் கொடுக்கிறோம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 37 சதவீத வட்டி! வங்கியில் 12 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறவர் அதை எடுத்துப் பத்தாம் நாளே கட்டினாலும் லாபம்தான்.

டன் என்ற சொல்லிலும் ஓர் இடறல் உண்டு. மெட்ரிக் டன் 1,000 கிலோ. பழைய ஆங்கில டன் 2,240 ராத்தல், அதாவது 1,016 கிலோ. அமெரிக்க டன் 2,000 ராத்தல், 907 கிலோ. உப்பளத்தில் நமக்கு இந்தக் கவலை இல்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு விலை கேட்கிறவர்கள் எந்த டன் என்று முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பின் ரேட்டைப் பேசட்டும்.