இறப்புப் பதிவேடும் தெருப் படமும்

தேசப்படம் என்றவுடன் நம்முள் பெரும்பாலோர்க்குப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய சுருள் படமே நினைவுக்கு வரும். கங்கையும் காவிரியும் ஓடும் இடங்களைக் குச்சியால் தொட்டுக் காட்டினோம். தேர்வு முடிந்ததும் அப்படத்தோடு நமக்கிருந்த உறவும் முடிந்தது. ஆனால் ஒரு தெரு எங்கே இருக்கிறது, அத்தெருவில் எந்த வீடு எந்தக் கிணற்றுக்கு அருகில் இருக்கிறது என்பன போன்ற சிறு செய்திகளைப் பிழையின்றித் திரட்டி, வேண்டும்போது தேடி எடுத்து, வேறொரு செய்தியோடு பொருத்திப் பார்ப்பது உயிர் காக்கும் வேலையாகவும் அமையும். இலண்டன் மாநகரில் 1854-ஆம் ஆண்டு நடந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

அந்நகரின் சோகோ பகுதி அக்காலத்தில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். ஒரே வீட்டில், மாடிக்கொன்றாகவும் அறைக்கொன்றாகவும் பல குடும்பங்கள் குடியிருந்தன. ஆகஸ்டு 31-ஆம் நாள் இரவு அங்கே காலரா வெடித்தது. பிராடு தெருவிலும் அதைச் சுற்றிலும் மூன்று நாட்களுக்குள் 127 பேர் மாண்டனர். பத்து நாட்களில் இறந்தோர் தொகை 500-ஐத் தாண்டியது. எஞ்சியோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினர்.

நோய் எதனால் வருகிறது? கெட்ட காற்றினால் என்றே அக்கால மருத்துவர்களும் அதிகாரிகளும் உறுதியாக நம்பினர். நாற்றம் வீசும் இடத்தில் நோய் இருந்ததைக் கண்ட அவர்களுக்கு அதில் ஐயமே எழவில்லை. ஜான் சினோ என்ற மருத்துவர் மட்டும் நீரினால் பரவுகிறது என்று சில ஆண்டுகளாகவே எழுதி வந்தார். விக்டோரியா அரசியாரின் பேறுகாலத்தில் 1853-இல் குளோரோபாரம் கொடுத்தவர் இவரே. எனினும் காலராவைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்பார் இல்லை.

சினோ பிறப்பு இறப்புப் பதிவகத்திற்குச் சென்று, இறந்தோர் பட்டியலைப் பெற்றார். அப்பட்டியலில் பெயரும் வயதும் முகவரியும் இருந்தன. அவ்வாரத்தின் கடைசி மூன்று நாட்களில் நேர்ந்த 83 சாவுகளையும் இடம் இடமாகப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாமே பிராடு தெரு அடிகுழாயைச் சுற்றி அமைந்திருந்தன. பத்துச் சாவுகள் மட்டும் வேறு குழாய்களுக்கு அருகிலுள்ள வீடுகளில் நிகழ்ந்திருந்தன. வேறொருவராயின், பத்துதானே என்று விட்டிருப்பார். சினோ அந்த வீடுகளின் கதவைத் தட்டினார். ஐந்து வீடுகளில், “பிராடு தெருத் தண்ணீரே எங்களுக்குப் பிடிக்கும், அங்கேயே ஆளனுப்பி எடுப்போம்” என்றனர். மூன்று பேர் அக்குழாய்க்கு அருகிலுள்ள பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள்.

இதற்கு எதிரிடையான செய்திகளையும் அவர் தேடினார். அருகிலேயே ஏழையர் விடுதி ஒன்று இருந்தது. நாற்புறமும் சாவு சூழ்ந்திருந்தும் அங்கிருந்த 535 பேரில் ஐவரே மாண்டனர். அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே பிராடு தெருவில் பீர் காய்ச்சும் ஆலை ஒன்றில் 70-க்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களுள் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. ஆலையில் தனிக் கிணறு உண்டு. ஆயினும் அவர்கள் தண்ணீர் குடித்ததாகவே தெரியவில்லை. (மதுவிலக்குப் பிரசாரம் செய்யும் நம் அன்பர்கள் இதைப் பொறுத்தருள்வார்களாக!) நோயே இல்லாத ஹாம்ஸ்டெட் என்னும் தொலைவிடத்தில் விதவை ஒருவர் மாண்டது யாருக்கும் விளங்காத புதிராக இருந்தது. அவர் முன்னர் பிராடு தெருவில் வாழ்ந்தவர். அத்தண்ணீரின் சுவையை மறக்கமாட்டாமல் நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி நீர் வரவழைத்துக் குடித்தவர் என்று தெரிந்தது.

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை, பங்கின் நிருவாகக் குழுவினர்முன் சினோ இச்சான்றுகளை வைத்தார். (அந்நாட்டில் அப்போது பங்கு என்பது சமயப் பிரிவாக மட்டுமன்றி உள்ளாட்சிப் பிரிவாகவும் விளங்கியது.) மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

புகழ்பெற்ற அந்தப் படத்தைச் சினோ வெளியிட்டது இதற்குப் பின்னரே. ஒவ்வொரு வீட்டின்மேலும், சாவுக்கு ஒரு கறுப்புக் கோடாக அடுக்கி வரைந்திருந்தார். குழாயடியில் கோடுகள் குவிந்தும், விலக விலகக் குறைந்தும் தோன்றும். பின்னர் மற்றொரு கோட்டையும் சேர்த்தார். பிராடு தெருக் குழாய்க்கும் பிற குழாய்களுக்கும் நடந்து செல்லும் தொலைவு எங்கே சமமாகிறதோ, அவ்விடங்களை இணைத்த எல்லைக்கோடு அது. பறவை பறக்கும் நேர்த்தொலைவைக் கணக்கிடாமல், குடம் தூக்கி நடக்கும் பெண்ணின் தொலைவை அவர் கணக்கிட்டது நம் வியப்புக்குரியது.

அதே மாதத்தில் அதே சாவுகளைக் குறித்து, சாக்கடை ஆணையத்தின் பொறியாளரும் ஒரு படம் வரைந்தார். சாக்கடைகள் மீதும், பழைய கொள்ளைநோய்ப் புதைகுழி மீதும் மக்கள் சாட்டிய பழியை ஆராய்வதே அவர் நோக்கம். அவர் படம் குறையுடையது அன்று. ஆயினும் நீரைப் பற்றிய கேள்வியை அவர் கேட்கவில்லை. எனவே படமும் அதற்கு விடை சொல்லவில்லை.

இனி, நம் வாசகர்கள் சிறப்பாக அறிய வேண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹென்றி ஒயிட்ஹெட் என்பவர் அப்பகுதியின் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் உதவிக் குருவானவர். முப்பது வயதும் நிரம்பாதவர். நோய் தாக்கிய நாட்களில் இரவு பகலாக வீடு வீடாய்ச் சென்று, இறப்போர் அருகில் அமர்ந்து செபித்தவர். சினோவின் கருத்தை அவர் ஏற்கவில்லை. அந்நீரை நிறையக் குடித்தும் பிழைத்தவர்களை அவரே கண்டிருந்தார். சினோவை மறுப்பதற்காகவே விசாரணையில் இறங்கினார். ஒரே வீட்டிற்கு நான்கைந்து முறை சென்றார். ஊரைவிட்டு ஓடியவர்கள் எங்கே குடியேறினர் என்று தேடிப்பிடித்துக் கேட்டார். மக்கள் அவரை அறிந்திருந்தமையால் எதையும் மறைக்கவில்லை. நாளடைவில், தாம் மறுக்க முயன்ற கருத்தே உண்மை என்று அவர் கண்டார். அதை வெளிப்படையாகக் கூறவும் செய்தார்.

ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டுகையில், பிராடு தெரு 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண்குழந்தை ஒன்று செப்டம்பர் 2-இல் இறந்தது அவர் கண்ணில் பட்டது. சாவுக்கு நான்கு நாட்களுக்கு முன்பே வயிற்றுப்போக்கு தொடங்கியது என்று அங்கே எழுதியிருந்தது. அப்படியாயின் அக்குழந்தைக்கு நோய் கண்டது ஊரெங்கும் காலரா வெடிப்பதற்கு முன்னராகும்! அவர் உடனே அத்தாயைக் காணச் சென்றார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புறத்திலிருந்த மலக்குழியில் ஊற்றியதாக அவள் கூறினாள். அடிகுழாயின் கிணறு அவ்வீட்டின் வாசலில்தான் இருந்தது. தோண்டிப் பார்த்தபோது, குழியின் செங்கற்கள் இற்றுப்போய் அழுக்கு கிணற்றுக்குள் கசிந்திருந்தது தெரிந்தது. அக்குழந்தையின் தந்தைக்கும் நோய் கண்டது. அவர் நோயுற்ற நாள் செப்டம்பர் 8. கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். குழாய் திறந்திருந்தால் மீண்டும் எத்தனை வீடுகள் அழிந்திருக்குமோ!

நம் காலத்திலும் இதே நோய், இதே வேலை. கத்தோலிக்கர் மிகுந்த எயித்தி நாட்டில் 2010 சனவரி 12-இல் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகரின் பேராலயம் இடிந்தது. பேராயர் யோசேப் செர்ழ் மியோ அவர்களும் உயிர்நீத்தார். மீட்புக் குழுவினர் வந்தபோது பல தெருக்களுக்குப் பயன்படத்தக்க படமே கைக்கெட்டவில்லை. 2004-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம் ஒன்று உண்டு. யாரும் அதில் சேர்க்கலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உலகின் பல பகுதிகளிலிருந்து சில நூறு தன்னார்வலர்கள், செயற்கைக்கோள் ஒளிப்படங்களைப் பார்த்து, வீட்டில் இருந்தபடியே தெருக்களையும் கூடாரங்களையும் அதில் வரைந்தனர். சில நாட்களிலேயே அந்நகரின் விரிவான படம் உருவாயிற்று.

அவ்வாண்டு அக்டோபரில் அந்நாட்டில் காலரா புகுந்தது. 9,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரெனோ பியாரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் நோய் கண்ட இடங்களையும் நாட்களையும் படத்தில் பொருத்தி, அது மிர்பலே என்னும் ஊருக்கு அருகில் தொடங்கி ஆர்த்திபோனித் ஆற்றின் வழியே இறங்கியதைக் காட்டினார். அங்கே ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை முகாம் இருந்தது. அதன் கழிவே ஆற்றில் கலந்தது. நெடுநாள் மறுப்புக்குப் பின்னர், 2016 திசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் எயித்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். படத்தில் இல்லாத ஊர்களை முன்கூட்டியே வரைந்து வைப்பதற்கென, அமெரிக்க, பிரிட்டானியச் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் இயக்கமும் பிறரும் சேர்ந்து 2014-இல் தனித் திட்டமே தொடங்கினர்.

நம் பங்குகளில் குடும்ப அட்டைகள் உள்ளன. திருமுழுக்கு, இறப்புப் பதிவேடுகள் உள்ளன. கதவெண்ணும் எழுதியிருக்கும். ஆனால் கதவெண் வரிசையாக இல்லாத சந்துகளில் அது பயன்படுவதில்லை. நள்ளிரவில் நோயில் பூசுதலுக்கு அழைப்பு வந்தால், வீட்டை அறிந்தவர் பெரும்பாலும் உபதேசியார் ஒருவரே. அவர் ஓய்வுபெற்றால் அந்த அறிவும் அவரோடு போகிறது. நம் இளைஞர் இயக்கத்தினர் ஒரு ஞாயிறு பிற்பகலில் பெரிய தாள் ஒன்றில் தெருக்களை வரைந்து, மக்கள் வழங்கும் பெயராலேயே குறித்து, ஆலமரம், ரேஷன் கடை, ஆழ்குழாய்க் கிணறு ஆகியவற்றை அடையாளமிடலாம். கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் உள்ள தொலைவை அடிக்கணக்கில் எழுதுவது நன்று. வீட்டில் நன்மை வாங்கும் நோயாளிகளையும், வெள்ளம் வந்தால் தூக்கிச் செல்லப்பட வேண்டியவர்களையும் தனித்தாளில் குறித்துப் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிட வேண்டும். தனியே வாழும் மூதாட்டியின் வீடு எது என்பது ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டத்தக்கது அன்று. தாளில் நாள் எழுதவும் மறக்கலாகாது. ஆண்டுக்கொருமுறை திருத்தாத படம், புதிதாக வந்த குருவானவரை இடிந்த வீட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தும்.