நாட்டுக்காக ஒரு ஸ்தோத்திரம்

ஆகஸ்டு 15-ஆம் தேதியன்று பாரத தேசத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் இரண்டு திருநாள்கள் ஒன்றாக வருகின்றன. தேவமாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கொண்டாடும் திருநாள் பல நூற்றாண்டுகளாக அந்தத் தேதியில் நடந்து வருவது. நாடு விடுதலை பெற்ற திருநாளோ 1947-இல் வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. பூசை முடிந்து வெளியே வரும் ஜனங்கள் கலையாமல் முற்றத்திலேயே நின்று, மூவர்ணக் கொடி ஏறுவதைப் பார்த்து வணங்கி, குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போவது பல பங்குகளில் வழக்கமாகிவிட்டது. யாரும் திட்டமிட்டு அமைத்ததன்று இந்தச் சேர்க்கை. எனினும் சிந்திக்கிறவனுக்கு ஒரு கேள்வியை அது எழுப்பாமல் விடுவதில்லை. தன் குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறதென்று அப்போஸ்தலனாகிய பவுல் போதித்ததை நம்புகிற ஒருவன், பூமியில் எல்லைக்கோடு வரைந்த ஒரு தேசத்தில் பிறந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துவது எதனாலே, எந்த விதத்திலே?

வேதாகமம் இதற்கு விடை சொல்லாமல் இல்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தன் ஜனத்தாருக்கு எழுதிய நிருபத்தில் எரேமியா தீர்க்கதரிசி, அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று உபதேசித்தார். சத்துருவின் பட்டணத்துக்கே அவ்வளவு கடமை உண்டென்றால், பெற்று வளர்த்து, மொழி கொடுத்து, சோறு போட்ட ஜன்மபூமிக்கு எவ்வளவு கடமை உண்டென்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அதைவிடத் தெளிவாக உபாகமத்தின் 26-ஆம் அதிகாரம் நன்றி செலுத்தும் முறையையே வகுத்துத் தருகிறது. நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிற குடியானவன், தன் உழைப்பின் பெருமையைச் சொல்லத் தொடங்குவதில்லை. இடமின்றி அலைந்த தன் முன்னோனின் கதையையும், அடிமைப்பட்டு அழுத தன் குலத்தின் கதையையும், பிறகு இந்த நிலம் கொடுக்கப்பட்ட கதையையும் வரிசையாக அறிக்கையிடுகிறான். கதை முடிந்த பின் அவன் தனியே உட்கார்ந்து விருந்து உண்ணவும் அனுமதியில்லை. நிலமில்லாத லேவியனும், ஊரில் வந்து தங்கியிருக்கும் பரதேசியும் அவனோடுகூட இருந்து சந்தோஷப்பட வேண்டுமென்பது கட்டளை. முன்னோர் பட்ட வறுமையை நினைத்தல், கிடைத்ததைக் கொடை என்று ஒப்புக்கொள்ளுதல், அதை மற்றவனோடு பகிர்தல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்தால்தான் தேசத்துக்கான ஸ்தோத்திரம் பூரணமாகும்.

இடம் கொடுத்த மண்

தென்தமிழ்நாட்டுக் கிறிஸ்தவனுக்கு அத்தகைய பழங்கதை ஒன்று உண்டு. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவையான குளோரிந்தா அம்மையார் பாளையங்கோட்டையில் கட்டுவித்து 1785-இல் பிரதிஷ்டையான சிற்றாலயத்தைப் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே ஊரார் அழைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் புது மார்க்கத்தைத் தழுவிய ஏழைக் குடும்பங்கள் சொந்த ஊர்களில் தொல்லைப்பட்டு நிற்க இடமின்றித் தவித்தபோது, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று சாத்தான்குளத்துக்கு அருகே தேரிக்காட்டுப் பக்கத்தில் நிலம் வாங்கி, 1799-இல் முதலூர் என்ற கிராமத்தை உண்டாக்கினார். செம்மணலும் பனையும் தவிர வேறு செல்வமில்லாத அந்தப் பூமியில் குடிசை போட்டுக் கிணறு வெட்டியவர்களின் சந்ததியார், இன்று உலகமெங்கும் உத்தியோகம் பார்த்தாலும், பண்டிகைக்கு ஊர் திரும்புவதைத் தவறவிடுவதில்லை.

இடம் கொடுத்தவர்களின் கதையும் இதனோடு சேர்த்துச் சொல்லத் தக்கது. தஞ்சையில் சிவகங்கைக் குளத்தருகே சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயத்துக்குள் போகிறவர்கள் அங்கே ஒரு சலவைக்கல் சிற்பத்தைக் காணலாம். மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் அருகில் நின்று அவர் கையைப் பற்றியிருப்பவர் இரண்டாம் சரபோஜி மன்னர். 1798-இல் மறைந்த தம் ஆசானுக்காக மன்னரே லண்டன் சிற்பியாகிய ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு அதைச் செய்வித்தார். தம் மூதாதையர் சமயத்தைவிட்டு அணுவளவும் விலகாத ஓர் அரசர், அந்நிய நாட்டிலிருந்து வந்த குருவானவருக்குத் தம் செலவில் நினைவுச்சின்னம் எழுப்பிய இந்தத் தேசத்தில், கிறிஸ்தவ மார்க்கம் வேரூன்றியதற்குப் போதகர்களின் பிரயாசையோடு இந்நாட்டாரின் தாராள மனமும் காரணமென்பதை மறப்பது நன்றிகேடாகும்.

கூடையும் அசனமும்

உபாகமத்தின் கூடையை இக்காலத்தில் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் திருநெல்வேலிச் சீமையின் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் போய்வர வேண்டும். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் தொடங்குகிறது. வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய கோழி, கயிற்றைப் பிடித்து இழுத்தும் நகர மறுக்கும் ஆட்டுக்குட்டி, ஏழைப் பாட்டி ஒருத்தி கொண்டுவந்த ஒற்றை முட்டை என்று ஒவ்வொன்றையும் உயர்த்திக் காட்டி, ‘ஒருதரம், இரண்டுதரம்’ என்று கூவுகிறவர் ‘மூன்றுதரம்’ என்று சொல்ல அவசரப்படுவதில்லை. கடைவிலையைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலையில்லை. முட்டையை ஏலத்தில் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, ‘கோயிலுக்கே இருக்கட்டும், திரும்பக் கூறுங்கள்’ என்று அதையே நீட்டுவார். அந்த ஒற்றை முட்டை இவ்வாறு பல கை மாறி, ஓர் ஆட்டின் விலையைக்கூட எட்டிவிடுவதுண்டு. கொடுத்த பாட்டியோ தன் காணிக்கை இவ்வளவு பெரிதாயிற்றே என்று வாயெல்லாம் சிரிப்பாக நிற்பாள்.

அடுத்தது அசனம். சபையார் கொடுத்த அரிசியும் ஆடும் அண்டாக்களில் வெந்து, சோறும் குழம்புமாக ஊருக்கே பொதுவிருந்தாகின்றன. முற்காலத்தில் பனையோலைப் பட்டையில் வாங்கி உண்டார்கள். இப்போது தூக்குச்சட்டி கொண்டுவந்து வீட்டுக்கும் வாங்கிப் போகிறார்கள். இன்ன சபை, இன்ன சமயம் என்று கேட்காமல் வந்தவர்க்கெல்லாம் பரிமாறுவதே அதன் தர்மம். பந்தியில் ஜாதி பார்த்த காலமும் திருச்சபைக்குள் இருந்ததென்பது சரித்திரம்; அந்தக் களங்கம் முற்றும் நீங்கிவிட்டதாகச் சொல்வது உண்மையாகாது. அசனத்தின் அண்டா அந்தப் பாவத்தை ஆண்டுதோறும் கண்டிக்கிறது. கேட்கிற காது கேட்கட்டும்.

நம்பிக்கை வைத்த தேசம்

விளைச்சலுக்கு நன்றி சொல்லத் தெரிந்த கிறிஸ்தவனுக்குச் சட்டத்துக்கும் நன்றி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் நிர்ணய சபையின் உபதலைவராக இருந்த வங்காளக் கிறிஸ்தவர் ஹரேந்திர குமார் முகர்ஜி, சிறுபான்மையோர் உரிமைகளை ஆராய்ந்த உபகுழுவுக்கும் தலைமை வகித்தார். ஆங்கில ஆட்சியில் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதிகளை அளித்திருந்தது. முகர்ஜி, சென்னை லயோலா கல்லூரியின் தலைவராக இருந்த ஜெரோம் டிசௌசா சுவாமிகள் போன்ற தலைவர்கள் அத்தகைய சலுகையை வற்புறுத்தாமல், பெரும்பான்மையோரின் நீதியுணர்ச்சியில் நம்பிக்கை வைத்தார்கள். அந்த நம்பிக்கைக்குப் பதில் நம்பிக்கை கிடைத்தது. மதத்தைக் கைக்கொள்வதோடு பரப்பவும் உரிமை தரலாமா என்ற விவாதம் 1948 டிசம்பரில் எழுந்தபோது, சென்னையின் பிரதிநிதி டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விச்சாலைகளில் தாம் படித்ததையும், தம்மை மதம் மாற்ற அங்கே எவரும் முயலாததையும் எடுத்துச்சொல்லி, அந்த உரிமைக்கு ஆதரவாகப் பேசினார். 1950 ஜனவரி 26 முதல் அந்த உரிமை 25-ஆம் பிரிவாக நிற்கிறது. சிறுபான்மையோர் தங்கள் கல்விச்சாலைகளை நடத்தும் உரிமை 30-ஆம் பிரிவாக நிற்கிறது.

பெற்றவன் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்பதைத் திருநெல்வேலிச் சபையார் விடுதலைக்கு வெகு முன்பே உணர்ந்திருந்தார்கள். 1903-இல் அவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், அந்நியப் பணத்தை எதிர்பாராமல், தெலுங்குச் சீமையிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பிற்று. அதற்குப் பின்னாலிருந்தது பெரும்பாலும் எளியவரின் காணிக்கையே. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு வைத்த தாய்மாரின் பிடியரிசிக் காணிக்கை இன்றும் பல சபைகளில் வழங்குகிறது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அந்தத் தோர்ணக்கல்லிலேயே ஊழியம் செய்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக உயர்ந்தார். 1939-இல் அவர் அங்கே பிரதிஷ்டை செய்த பேராலயம், இந்தியக் கட்டடக் கலையின் பல மரபுகளைத் தன்னுள் இணைத்து நிற்கிறது. தேசத்தின் பேரில் வைத்த பிரீதியைக் கல்லிலே சொல்லுகிற ஸ்தோத்திரம் அது.

நன்றியுள்ளவன் குறையே சொல்லலாகாது என்று கருதுவோரும் உண்டு. சங்கீதப் புஸ்தகத்தை வாசிப்பவர்கள் அப்படிக் கருத இயலாது. அங்கே துதியும் முறையீடும் ஒரே வாயிலிருந்து, சில வேளை ஒரே சங்கீதத்திலேயே, எழுகின்றன. 1950-இல் பிறப்பிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணையின்படி, தாழ்த்தப்பட்டோருக்கான உரிமைகள் பெரும்பாலும் இந்துக்களுக்கே உரியவையாயின. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவை விரிவாக்கப்பட்டபோதிலும், கிறிஸ்தவரான தலித் மக்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காகச் சட்டத்தின் வாசலில் வாதாடுகிறவன் தேசத்தின் பேரில் நன்றியற்றவனல்லன். நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை அற்றுப்போன இடத்தில் ஒருவனும் மனு எழுதுவதில்லை.

ஆகையால் தன் தேசத்துக்காக முழங்காற்படியிடுகிற கிறிஸ்தவன், தனக்குக் கிடைத்த நன்மைகளை எண்ணி முடித்தவுடன் எழுந்துவிடலாகாது. வழிபடும் சுதந்திரமும், பிள்ளைகளுக்குப் படிப்பும், வேளைக்கு உணவும் தனக்குக் கிடைத்தது போலத் தன் அயலானுக்கும், அவன் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவனாயினும், கிடைத்திருக்கின்றனவா என்று கேட்டறிந்து, கிடைக்காதவனுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டிய வேலையையும் அந்த ஜெபத்தின் தொடர்ச்சியாகவே அவன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.