பட்டறையும் பாடசாலையே

புதுச்சேரியின் வில்லியனூரில் சுடுமண் சிற்பக்கலை வழிவழியாக வாழ்ந்து வருகிறது. புவிசார் குறியீடு பெற்ற இக்கலையை எவரும் ஏட்டைப் பார்த்து மட்டும் கற்பதில்லை. மூத்தவர் அருகே அமர்ந்து, அவர்தம் கைப்பக்குவத்தைக் கண்டு, தாமே செய்து, பிழை திருத்திக் கற்கின்றனர். பொறியியல் தொழில்களையும் இவ்வாறே கற்கும் முறைக்குத் தொழில் பழகுநர் பயிற்சி என்று பெயர்.

இந்தியாவில் இப்பயிற்சியை நெறிப்படுத்துவது 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டமாகும். 14 வயது நிறைந்தோர் பழகுநராகலாம். இடர்மிக்க தொழில்களுக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பழகுநர் என்பவர் தொழிலாளர் அல்லர், பயில்பவர். ஆயினும், பயிற்சிக் காலத்தில் அவருக்கு உதவித்தொகை உண்டு. பொருத்துநர், மின்பணியாளர், கடைசலர் போன்ற பிரிவுகளில் பயிற்சியை முடித்துத் தேர்ச்சி பெறுவோர் சான்றிதழ் பெறுகின்றனர். பயிற்சி தந்த நிறுவனமே வேலையும் தரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எனினும், கற்ற திறன் எங்குச் சென்றாலும் உடன்வரும்.

வில்லியனூர்ப் பகுதியில் சேதராப்பட்டு, பாகூர்ப் பகுதியில் கிருமாம்பாக்கம் எனத் தொழிற்பேட்டைகள் சிற்றூர்களுக்கு அண்மையிலேயே அமைந்துள்ளன. ஆனால், இயந்திரப் பணி ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணம் அத்தொலைவை நீட்டிவிடுகிறது. 18 வயது நிறையாத மாணவி ஒருத்தி பழகுநர் ஆக விரும்பினால், ஒப்பந்தத்தில் அவளுடைய காப்பாளர் கையொப்பமிட வேண்டும். எனவே, தொழிற்சாலையின் கதவுக்கு முன்னர் வீட்டின் கதவு திறக்க வேண்டியுள்ளது. மகளின் பாதுகாப்பைக் குறித்துப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. தொழிலாளர்க்கான உடல்நலப் பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் பொருந்தும். பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு. இவற்றை அறிந்து, பணிநேரம், போக்குவரவு, கழிப்பறை வசதி ஆகியவற்றைக் கேட்டுத் தெளிந்தபின் முடிவெடுத்தல் நன்று.

இவ்வழியில் முன்னரே நடந்து காட்டியவர் அ. லலிதா. 1919இல் சென்னையில் பிறந்த அவர், 18 வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். அதே கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தந்தையின் துணையோடு, 1940இல் மின்பொறியியல் பிரிவில் சேர்ந்தார். பீகாரின் ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு பழகுநராகச் செய்முறைப் பயிற்சி பெற்றார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அவர், பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் பங்குகொண்டார். 1964இல் நியூயார்க்கில் கூடிய பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

லலிதாவுக்குத் தந்தை துணைநின்றார். அத்தகைய துணை பொறியாளர் இல்லத்தில் பிறந்தவர்க்கு மட்டுமே உரியதாக இருத்தல் ஆகாது. உழவர் வீட்டிலும் குயவர் வீட்டிலும் பிறந்த பெண்ணுக்கு அதனைப் பெற்றோரும் பள்ளியும் வழங்குதல் வேண்டும். மண்ணை உருவாக்கத் தெரிந்த கைகளுக்கு இரும்பும் வசப்படும்.